மைக் பிடித்த பாயின்ட் கார்டு

விளையாட்டுப் பக்கம்: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் அமெரிக்கக் கூடைப்பந்து வர்ணனையாளர் டோரிஸ் பர்க் பற்றி ஒரு சின்னப் பத்தி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதைத் தொட்டே இருந்ததால், இந்த இதழில் அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். கிரிக்கெட் கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

டோரிஸ் பர்க்கை ‘முன்னோடி’ என்று ஒரே பத்தியில் சொல்லி முடித்துவிட்டீர்கள். யார் இவர், எங்கிருந்து வந்தார்? விவரமாகச் சொல்லக் கூடாதா?
– வாசகி, திண்டுக்கல்

சொல்கிறேன். எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டி. 1965 நவம்பரில் நியூயார்க் மாநிலத்தின் வெஸ்ட் ஐஸ்லிப்பில் பிறந்து, நியூஜெர்சி கடலோரம் மனாஸ்குவான் என்ற சின்ன ஊரில் வளர்ந்தவர். இரண்டாம் வகுப்பிலேயே பந்தைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்.

அவர் வளர்ந்த காலத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். அரசுப் பணம் பெறும் பள்ளி, கல்லூரிகளில் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்ற ‘டைட்டில் நைன்’ சட்டம் அமெரிக்காவில் 1972-இல் வந்தது. அப்போது டோரிஸுக்கு ஆறு வயது. பெண்கள் கூடைப்பந்துக்கு, கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. தேசிய சாம்பியன்ஷிப் நடத்தத் தொடங்கியது 1982-இல். அடுத்த ஆண்டே இவர் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். ஒவ்வொரு கதவும் இவருக்குச் சற்று முன்புதான் திறந்திருக்கிறது.

கல்லூரியில் அவர் பாயின்ட் கார்டு. பந்தை மேலே கொண்டுவந்து, யாருக்கு எப்போது தரவேண்டும் என்று முடிவெடுக்கும் இடம் அது. முதலாம் ஆண்டிலேயே பிக் ஈஸ்ட் என்ற கல்லூரிகள் பிரிவில் அதிக ‘அசிஸ்ட்’, அதாவது சக ஆட்டக்காரர் கூடை போட உதவும் பாஸ், கொடுத்தவர் இவர்தான். 1987-இல் படிப்பை முடித்து வெளியே வரும்போது கணக்கில் 600-க்கும் மேற்பட்ட அசிஸ்ட்டுகள் இருந்தன. அன்றைக்கு அந்தக் கல்லூரியின் சாதனை அது.

சரி, அதற்கப்புறம் எங்கே ஆடுவது? பெண்களுக்கென்று முன்பு இருந்த தொழில்முறை லீக் 1981-இலேயே மூடப்பட்டுவிட்டது. இன்றைய பெண்கள் லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ. வர இன்னும் பத்து ஆண்டு இருந்தது. நன்றாக ஆடும் 21 வயதுப் பெண்ணுக்குச் சொந்த நாட்டில் சம்பளத்துக்கு ஆட ஓர் அணி கிடையாது. அதே கல்லூரியில் 1988 முதல் 1990 வரை உதவிப் பயிற்சியாளராக இருந்தார். குடும்பம், குழந்தை என்று யோசித்தபோது பயிற்சியாளர் வேலையின் அலைச்சலோடு அது ஒத்துவராது என்று விலகினார். அந்த 1990-இல்தான் பிராவிடன்ஸ் பெண்கள் அணியின் ஆட்டங்களுக்கு வானொலியில் பேசத் தொடங்கினார்.

அங்கிருந்து டி.வி.யில் பெண்கள் கல்லூரி ஆட்டங்கள், பிறகு ஆண்கள் கல்லூரி ஆட்டங்கள், 1997-இல் டபிள்யூ.என்.பி.ஏ. தொடங்கியதும் நியூயார்க் லிபர்ட்டி ஆட்டங்கள். 2000-இல், என்.பி.ஏ. என்ற ஆண்கள் தொழில்முறை லீக்கின் நியூயார்க் நிக்ஸ் அணி ஆட்டத்துக்கு வர்ணனை செய்த முதல் பெண் ஆனார். 2009-இல் தொடங்கி என்.பி.ஏ. இறுதிப் போட்டிகளில் களத்தோரச் செய்தியாளர். 2017-இல் இ.எஸ்.பி.என். விளையாட்டுச் சேனல் அவரை என்.பி.ஏ. ஆட்டங்களுக்கு நிரந்தர ஆட்ட நிபுணராக அமர்த்தியது. நாடு முழுக்க ஒளிபரப்பாகும் என்.பி.ஏ. ஆட்டங்களில் அப்படியொரு முழு நேர இடம் பெற்ற முதல் பெண் அவர்தான். 1990-லிருந்து எண்ணிப் பாருங்கள், 27 ஆண்டு. இத்தனை ஆண்டு ஏன் ஆனது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

என்.பி.ஏ.வில் ஒரு நாளும் ஆடாத ஒரு பெண், அந்த ஆண்களின் ஆட்டத்தில் குறை நிறை சொல்வது எப்படிச் சரியாகும்? தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.
– வாசகர், கோயம்புத்தூர்

தாராளமாகக் கேட்கலாம். அதே கேள்வியை மற்ற நாற்காலிகளுக்கும் வைத்துப் பார்ப்போம். பர்க் 2023-இல் இ.எஸ்.பி.என். சேனலின் முதல் அணி வர்ணனைக்கு, அதாவது இறுதிப் போட்டி போன்ற பெரிய ஆட்டங்களுக்குப் பேசும் குழுவுக்கு வந்தபோது, அந்த மேசையில் அதற்கு முன் பல ஆண்டுகள் ஆட்டத்தை அலசியவர் ஜெஃப் வான் கண்டி. அவர் என்.பி.ஏ.வில் பயிற்சியாளராக இருந்தவர், ஆட்டக்காரராக ஒரு நாளும் இருந்ததில்லை. ஆட்டம் நடக்க நடக்க அதைச் சொல்லிக்கொண்டே போகும் முதன்மை வர்ணனையாளர் மைக் பிரீனும் அங்கே ஆடியவர் இல்லை. அவர்கள் இருவரையும் உலகமே மதித்துக் கேட்டது. நானும் கேட்டேன். அப்படியானால் அந்த நாற்காலிக்குத் தேவை வேறு ஒன்று.

அது என்ன என்பதை ஓர் ஆட்டத்தை வைத்தே காட்டுகிறேன். ‘பிக் அண்ட் ரோல்’ என்ற உத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். பந்தோடு ஒருவர் மேலே நிற்கிறார். அவர் அணியின் உயரமான ஆள் ஓடிவந்து, பந்து வைத்திருப்பவரைக் காக்கும் எதிரணிக்காரரின் பக்கத்தில் சுவர் மாதிரி நின்றுவிடுகிறார். பந்துக்காரர் அந்தச் சுவரை உரசியபடி நகர்கிறார், காவல்காரர் சுவரில் மாட்டிக்கொள்கிறார். இப்போது முடிவெடுக்க வேண்டியவர் அந்த உயரமான ஆளைக் காக்கும் எதிரணிக்காரர். பின்வாங்கிக் கூடைக்கடியில் நின்றால், பந்துக்காரருக்கு வெளியிலிருந்து சுட இடம் கிடைக்கும். முன்னேறி வந்தால், சுவராக நின்றவர் கூடையை நோக்கி ஓட, அவரைத் தடுக்க அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். இரண்டு காவல்காரர்களும் ஆளை மாற்றிக்கொண்டால், குள்ளமானவர் நெட்டையானவரிடம் மாட்டுவார். மூலையிலிருந்து மூன்றாமவர் உதவிக்கு ஓடிவந்தால், அந்த மூலையில் ஒருவர் சும்மா நிற்பார்; மூன்று புள்ளி அங்கே காத்திருக்கிறது.

இவ்வளவும் இரண்டு விநாடிக்குள். பார்ப்பவர் கண் பந்தின் மேல் இருக்கும், நிபுணரின் கண் மூலையில் இருக்க வேண்டும். கூடை விழுந்த பிறகு அடுத்த அணி பந்தை எடுத்து வருவதற்குள் கிடைக்கும் சில நொடிகளில், அது ஏன் விழுந்தது என்று சொல்லிவிட்டு வாயை மூட வேண்டும். அதுதான் வேலை. இது கால் பலத்தில் வருவது இல்லை, பார்வையில் வருவது. நானும் கல்லூரியில் கார்டு இடத்தில் ஆடியவள். தலை நிமிர்த்தி, தன் கையில் இருக்கும் பந்தைப் பார்க்காமல் மற்ற ஒன்பது பேரையும் பார்க்கச் சொல்லித்தான் எங்களைப் பழக்குவார்கள். 600 அசிஸ்ட் கொடுத்த ஒருவர் நான்கு ஆண்டும் செய்தது அந்த வேலைதான். பர்க்கின் வர்ணனையில் எனக்குப் பிடித்ததும் அதுதான். பந்து போன இடத்தைவிட, அது போவதற்கு வழி எங்கே திறந்தது என்று சொல்வார்.

2024 இறுதிப் போட்டியின் முதல் ஆட்டம் நினைவிருக்கிறதா? பாஸ்டன் செல்டிக்ஸின் கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸ் காயத்திலிருந்து திரும்பி, மாற்று ஆட்டக்காரராக இறங்கி 20 புள்ளி எடுத்தார். ஏழடிக்கு மேல் உயரமான ஆள் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று சுட்டால், நான் மேலே சொன்ன கணக்கில் பின்வாங்கி நிற்கும் வழி அடைபட்டுவிடுகிறது. எதிரணியான டல்லாஸ் அன்றைக்குத் திணறியது அங்கேதான். பாஸ்டன் 107–89 என்று வென்றது. அந்த ஆட்டம் நடந்தது ஜூன் 6 இரவு, நமக்கு வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி. கூடைப்பந்து, அமெரிக்கன் ஃபுட்பால், பேஸ்பால், ஐஸ் ஹாக்கி என்ற நான்கு பெரிய ஆண்கள் லீக்குகளில், டி.வி.யில் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியை ஆட்ட நிபுணராக ஒரு பெண் அலசியது அன்றுதான் முதல்முறை.

களத்தோரம் மைக்கோடு நிற்கும் பெண்களை எத்தனையோ ஆண்டுகளாகப் பார்க்கிறோமே. அப்புறம் பர்க்கிடம் என்ன புதுமை?
– கல்லூரி மாணவர், சென்னை

தம்பி, இரண்டும் வேறு வேலை. களத்தோரச் செய்தியாளர் கேள்வி கேட்பவர். மேசையில் இருக்கும் நிபுணர் தீர்ப்புச் சொல்பவர். பெண்ணைக் கேட்க விடுவதற்கு டி.வி. சீக்கிரம் பழகிவிட்டது. பயிற்சியாளர் எடுத்த முடிவு தவறு என்று ஒரு பெண் நேரலையில் சொல்ல விடுவதற்குத்தான் இத்தனை காலம் பிடித்தது.

அதற்காகக் களத்தோர வேலையைக் குறைவாக நினைத்துவிடாதே. என்.பி.ஏ. ஒளிபரப்பில் கால் பகுதிகளுக்கு நடுவே பயிற்சியாளரிடம் ஓரிரு கேள்வி கேட்க வேண்டும். அந்த நேரத்தில் அவர் மனசு முழுக்க ஆட்டத்தில் இருக்கும். 2025 வரை சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியின் பயிற்சியாளராக இருந்த கிரெக் பாப்பவிச் இந்தப் பேட்டிகளில் ஒரு சொல், இரண்டு சொல் என்று வெட்டிவிடுவதில் பேர்போனவர். அவரிடம் நேரலையில் ‘எப்படி உணர்கிறீர்கள்’ ரகக் கேள்வி எடுபட்டதில்லை. எந்த இடத்தில் தடுப்பு உடைகிறது என்று குறிப்பாகக் கேட்டால்தான் பதில் வந்தது. அப்படிக் கேட்க ஆட்டம் தெரிந்திருக்க வேண்டும்.

2016-இல் கிளீவ்லாண்ட் அணி என்.பி.ஏ. கோப்பையை வென்றதும் லெப்ரான் ஜேம்ஸ் கண்ணீரோடு தன் ஊருக்கு அதை அர்ப்பணித்துக் கத்தினாரே, அந்தக் காட்சியை யூடியூபில் பார். எதிரே மைக் பிடித்து நிற்பவர் பர்க். அந்த இடத்தில் அவர் தன் பேச்சைக் குறைத்துக்கொண்டு லெப்ரானை விட்டுவிட்டார். அதுவும் ஒரு நல்ல பாஸ்.

எனக்கு வயது 70-ஐத் தாண்டிவிட்டது. சொல்லக் கூடாதுதான், ஆனாலும் ஆட்ட வர்ணனையில் பெண் குரல் காதுக்கு ஒட்ட மாட்டேன் என்கிறது. இது என் குறையா?
– வாசகர், தஞ்சாவூர்

ஐயா, மனசில் இருப்பதைச் சொன்னதற்கு நன்றி. இது காதின் பழக்கம். அந்தப் பழக்கம் எப்படி உண்டானது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1987 டிசம்பர் 27 அன்று கேல் சீரன்ஸ் என்ற பெண், சியாட்டில் – கான்சாஸ் சிட்டி ஆட்டத்துக்கு முதன்மை வர்ணனை செய்தார். அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல். வரலாற்றில் ஒரு பெண் அந்த வேலையைச் செய்தது அதுவே முதல்முறை. அந்த ஓர் ஆட்டத்தோடு சரி. டாம்பாவில் டி.வி. செய்தி வாசிக்கும் வேலையில் தொடர்ந்துவிட்டார். அடுத்ததாக ஒரு பெண் என்.எஃப்.எல். சீசன் ஆட்டத்துக்கு முதன்மை வர்ணனை செய்தது 2017 செப்டம்பரில், பெத் மோவின்ஸ். நடுவில் கிட்டத்தட்ட முப்பது ஆண்டு. ஒரு தலைமுறையே அந்தக் குரலைக் கேட்காமல் வளர்ந்தால் காது எப்படிப் பழகும்? மோவின்ஸின் குரலைப் பற்றியும் நீங்கள் சொன்னதையே அமெரிக்காவில் நிறையப் பேர் சொன்னார்கள். அவர் தொடர்ந்து பேசிக்கொண்டே இருந்தார். இன்றைக்கு அந்த முறையீடு எவ்வளவோ குறைந்துவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்று. மோவின்ஸும் கல்லூரியில் கூடைப்பந்து ஆடியவர்தான். பென்சில்வேனியாவின் லஃபாயெட் கல்லூரி அணிக்குக் கேப்டன், அங்கே அசிஸ்ட்டில் சாதனை வைத்தவர். பர்க், மோவின்ஸ் இருவருமே பந்தை அடுத்தவருக்குக் கொடுத்துப் பேர் வாங்கியவர்கள் என்பது எனக்குத் தற்செயலாகத் தெரியவில்லை.

அப்படியானால் என்.பி.ஏ. வர்ணனையில் பர்க்தான் முதல் பெண்ணா? என் மாமா இல்லை என்கிறார்.
– பள்ளி மாணவி, திருநெல்வேலி

மாமா சொல்வது சரி. யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுக்கும் முழு விளையாட்டு உதவித்தொகை பெற்ற முதல் பெண் ஆன் மேயர்ஸ். 1979-இல் இந்தியானா பேசர்ஸ் ஆண்கள் அணி அவரை 50,000 டாலர் ஒப்பந்தத்தில் சேர்த்துத் தேர்வுக்கு அழைத்தது. அணியில் இடம் கிடைக்கவில்லை. அதே அணியின் ஒளிபரப்பில் பேசத் தொடங்கினார். யு.எஸ்.சி. பல்கலைக்கழகத்துக்காக 1983, 1984-இல் தேசியக் கோப்பை வென்ற ஷெரில் மில்லர், 1996-இல் நாடு முழுக்க ஒளிபரப்பான என்.பி.ஏ. ஆட்டமொன்றை நிபுணராக அலசிய முதல் பெண் ஆனார். வர்ணனையில் பின்னாளில் பேர் வாங்கிய ரெஜி மில்லரின் அக்கா அவர்.

பேஸ்பாலில் ஜெசிக்கா மெண்டோசா இருக்கிறார். ஸ்டான்ஃபோர்டில் சாஃப்ட்பால் ஆடி, 2004 ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர். 2015 அக்டோபரில் ஹூஸ்டன் – யாங்கீஸ் நாக் அவுட் ஆட்டத்தில் வர்ணனை மேசையில் உட்கார்ந்தார். அன்றிரவு சமூக ஊடகத்தில் அவருக்கு வந்த வசைகளைப் படித்தபோது எனக்குக் கோபம் அடங்கவில்லை. அவரோ அடுத்த ஆட்டத்துக்கான குறிப்புகளோடு மறுபடியும் வந்து உட்கார்ந்தார்.

நாடு முழுக்க ஒளிபரப்பாகும் என்.பி.ஏ. ஆட்டங்களில், பர்க்குக்கு முன்பு வந்தவர்களுக்கு அவ்வப்போதுதான் இடம் கிடைத்தது. அவருக்குத்தான் நிரந்தர நாற்காலி கிடைத்தது.

என்.பி.ஏ. 2கே வீடியோ கேமில் வரும் பெண் குரல் இவருடையதா?
– வாசகர், ஈரோடு

ஆமாம். பல பதிப்புகளில் களத்தோரச் செய்தியாளராக வருபவர் அவரேதான். 2016-இல் பாடகர் டிரேக், பர்க்கின் படம் போட்ட டீ-சர்ட்டோடு டொரண்டோ ஆட்டத்துக்கு வந்த செய்தியும் உண்மை.

2018-இல் கூடைப்பந்து ஹால் ஆஃப் ஃபேம் ஊடகத்தினருக்குத் தரும் கர்ட் கவ்டி விருது, 2020-இல் வானொலியில் இறுதிப் போட்டி, 2024-இல் டி.வி.யில். இவ்வளவு பெருமைக்குப் பிறகு அவரை முதல் அணியிலிருந்து எடுத்துவிட்டார்களாமே? தகுதியில்லை என்றுதானே அர்த்தம்?
– வாசகர், மதுரை

எடுத்தது உண்மை. 2025 ஆகஸ்டில் அவருடைய இடத்துக்கு டிம் லெக்லர் வந்தார். பர்க்கின் ஒப்பந்தத்தை நீட்டித்து, மற்ற ஆட்டங்களுக்கு வைத்துக்கொண்டார்கள். தகுதியில்லை என்ற முடிவை நான் ஏற்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

மூன்று பேர் உட்காரும் மேசையில் யார் எந்த நொடியை எடுப்பது என்பது பழகப் பழகத்தான் வரும். முன்பிருந்த மூவரான மைக் பிரீன், வான் கண்டி, மார்க் ஜாக்சன் சேர்ந்து பேசிய காலம் நீண்டது. ஜாக்சன் நடுவில் கோல்டன் ஸ்டேட் பயிற்சியாளராகப் போய்வந்த பிறகும் அதே மேசைக்குத் திரும்பினார். பர்க்குக்கு என்ன நடந்தது? 2023-இல் பிரீன், டாக் ரிவர்ஸோடு தொடங்கினார். 2024 ஜனவரியில் ரிவர்ஸ் மில்வாக்கி பயிற்சியாளராகக் கிளம்பினார். ஜே.ஜே. ரெடிக் வந்தார். இறுதிப் போட்டி முடிந்த கையோடு அவரும் லேக்கர்ஸ் பயிற்சியாளர் ஆனார். அடுத்து ரிச்சர்ட் ஜெஃபர்சன். இரண்டு சீசனுக்குள் மூன்று கூட்டாளிகள். அவர் சில இடங்களில் வழக்கத்தைவிட அடக்கி வாசித்தார் என்பதை நானும் கவனித்தேன். புதிதாக வந்தவருக்கு இடம் விட்டு விட்டுப் பேசினால் அப்படித்தான் இருக்கும். ஒரு பாயின்ட் கார்டுக்கு மாதத்துக்கொரு புது அணியைக் கொடுத்துவிட்டு, பாஸ் சரியாகப் போகவில்லை என்று குறை சொல்வது நியாயமா?

2025 இறுதிப் போட்டி நடந்துகொண்டிருந்தபோதே இந்தப் பேச்சு கிளம்பியது. அப்போது இந்தியானா பயிற்சியாளர் ரிக் கார்லைல், பத்திரிகையாளர் சந்திப்பில் தானாகவே பேச்சை எடுத்து, பெண்களுக்கு ஒளிபரப்பில் வழி திறந்தவர் பர்க் என்று பாராட்டினார். தன் அணி கோப்பைக்கு ஆடிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் அதைச் செய்தார். ஆட்டம் தெரிந்தவர்கள் நடுவில் பர்க்குக்கு என்ன மதிப்பு என்பதற்கு எனக்கு அது போதும்.

வணக்கம் அக்கா. நான் பி.ஏ. மூன்றாம் ஆண்டு, கல்லூரி டீமில் கார்டு. இந்த சீசனோடு என் ஆட்டம் முடிகிறது. வர்ணனைக்குப் போக ஆசை. வீட்டில் சிரிக்கிறார்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது?
– வாசகி, சேலம்

இன்றைக்கே ஆரம்பிம்மா. முழு ஆட்டம் ஒன்றைப் போட்டு டி.வி. சத்தத்தை நிறுத்திவிட்டுப் பேசு. போனில் பதிவு செய். மறுநாள் படத்தைப் பார்க்காமல் குரலை மட்டும் கேள். ஸ்கோர் எத்தனை, நேரம் எவ்வளவு மிச்சம், பந்து யார் கையில் என்பது உன் பேச்சிலிருந்தே தெரிய வேண்டும். ‘அருமையான ஷாட்’ என்று எத்தனை முறை சொன்னாய் என்று குறித்துக்கொள். அந்த ஒவ்வொரு இடத்திலும் அடுத்த முறை ‘ஏன்’ என்று ஒரு காரணத்தை வை.

அப்புறம், உன் கல்லூரியிலோ பக்கத்துக் கல்லூரியிலோ சமுதாய வானொலி இருக்கிறதா என்று விசாரி. டி.வி.யைவிட வானொலி கடினம். படம் இல்லாததால் கோர்ட்டின் எந்தப் பக்கம், எந்த மூலை, யார் யாரைக் காக்கிறார் என்று எல்லாவற்றையும் நீயே சொல்ல வேண்டும். பர்க் தொடங்கியதும் சொந்தக் கல்லூரிப் பெண்கள் அணிக்கு வானொலியில் பேசித்தான்.

மாவட்டப் போட்டி நடக்கும் இடங்களில் முதல் நாளே போய், ஆட்டத்துக்கு மைக்கைத் தரச் சொல்லிக் கேள். ஆட்டக்காரர்களின் பெயரை அவரவரிடமே கேட்டுச் சரியாக உச்சரிக்கப் பழகு. சர்வீஸ் லைனுக்கும் ஃப்ரீ த்ரோ லைனுக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் கையில்தான் பல இடங்களில் மைக் இருக்கிறது. உனக்கு ஆட்டம் தெரியும். பதிவு செய்ததை எனக்கும் அனுப்பு. பத்திரிகை முகவரிக்கு வந்தால் கட்டாயம் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.